‘ஏலாது’ என்றவர் எழுந்து நிற்கவேண்டும்

இருபத்தெட்டு வயதில் நான் ஓய்வுபெற்றேன். ஐந்து வருடச் சேவை. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் தந்தார்கள். வாழ்த்துமடலில் ‘ஓய்வுபெறும் முதுநிலைப் பயிற்றுநர்’ என்று தங்க நிறத்தில் அச்சிட்டிருந்தது. உண்மையில் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆனால் எங்கள் நிறுவனத்தில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. படத்தின் சட்டகத்தை மாற்றினால் படமே வேறாகத் தெரியும் என்பது நாங்கள் கற்பித்த பாடங்களில் ஒன்று. ஆகவே அங்கே யாரும் நிறுத்தப்பட்டதில்லை, எல்லோரும் ஓய்வுபெற்றார்கள். எனக்கு முன் ஓய்வுபெற்றவருக்கு இருபத்துமூன்று வயது.

போன மாதம் அதே நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு தங்கைகள் என்னைத் தேடி வந்தார்கள். இப்போது பயிற்றுநர் செய்த வேலையை ஒரு கைபேசிச் செயலி செய்கிறதாம். எதிரில் இருப்பவரின் முகத்துக்கு நேரே பிடித்தால், அவர் எப்படிப்பட்டவர், அவரோடு எப்படிப் பேசவேண்டும் என்று சொல்லுமாம். “அக்கா, நீங்கள் கையாலை செய்த காலத்திலை எப்பிடிச் செய்தனீங்கள்?” என்று கேட்டார்கள். ஏதோ நான் கல்லில் மாவரைத்தவள் போல. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தொழிலின் பெயர் நரம்பு மொழி நிரலாக்கம். பெயருக்குப் பயப்பட வேண்டாம். மனிதன் தனக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறானோ அப்படித்தான் அவன் உடம்பும் நடக்கும், அந்தப் பேச்சை மாற்றினால் நடப்பும் மாறும் என்பது அதன் நம்பிக்கை. ‘என்னால் முடியாது’ என்று உள்ளே சொல்லிக்கொண்டு மேடை ஏறுகிறவனின் முழங்கால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மற்றவரோடு பேசும்போதும் அப்படித்தான். அவர் எந்த வகைச் சொல்லால் நினைக்கிறாரோ அந்த வகைச் சொல்லால் பேசினால் விஷயம் உள்ளே போகும். அவர் இருப்பதுபோல் இருந்து, மூச்சுவிடும் வேகத்தில் மூச்சுவிட்டால் நெருக்கம் வரும். இதற்கு ‘ஒத்திருத்தல்’ என்று பெயர். நெருக்கம் வந்தபின் நீங்கள் மெதுவாக அசைந்தால் அவரும் அசைவார். அது ‘வழிநடத்தல்’. முதலில் ஒத்திரு, பிறகு வழிநடத்து. முழுத் தொழிலும் இந்த இரண்டு வரிதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கட்டைபறிச்சானில் வயலும் களப்பில் வலையுமாக இருப்பவர். அம்மா சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே வளர்ந்தவர். தன் பெயரைக் கோலம் போடுவதுபோல் எழுதப் பழகி, அதைக் கையெழுத்து என்று வைத்திருக்கிறார். நான் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, பட்டமும் முடித்து, திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில் இருந்த அந்த நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன்.

பணிப்பாளர் அருளானந்தம் சேர் எனக்கு முன்னால் அமர்ந்தார். பயத்தில் நான் மூக்கைச் சொறிந்தேன். அவரும் சொறிந்தார். நான் கைகளை மடியில் வைத்தேன். அவரும் வைத்தார். என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்து, கோபத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரும் நிமிர்ந்து, “உமக்குத் தன்னம்பிக்கை வந்திட்டுது. பார்த்தீரோ?” என்றார். வேலை கிடைத்தது.

பயிற்சி மூன்று கிழமை. சேர் கொழும்பில் ஏழு நாளில் படித்ததை எங்களுக்கு இருபத்தொரு நாளில் தந்தார். மிச்சமெல்லாம் வேலை செய்தே பழகியது.

நடைமுறை இப்படி. கதிரைகளை நேருக்கு நேர் போடக்கூடாது, சற்றுச் சரித்துப் போடவேண்டும். வந்தவரின் தோளைப் பார்த்து மூச்சை எண்ணவேண்டும், அவர் யோசிக்கும்போது கண் எந்தப் பக்கம் போகிறது என்று குறிக்கவேண்டும். பிறகு கொப்பியில் மூன்று நிரல்: பார்ப்பவர், கேட்பவர், உணர்பவர். “எனக்கு இது தெளிவாத் தெரியேல்லை” என்றால் பார்ப்பவர். “சொன்னது காதிலை ஏறேல்லை” என்றால் கேட்பவர். “மனம் பாரமாக் கிடக்கு” என்றால் உணர்பவர். பத்துச் சொல்லுக்குப் பிறகு கூட்டிப் பார்த்து ஆளைத் தீர்மானிப்போம். அந்தத் தாள்களை அடுக்கச் சேருடைய அலுமாரியில் அதற்கேற்ப மூன்று தட்டு. திருகோணமலையில் பாதிப் பேர் அந்த அலுமாரிக்குள் இருந்தார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. வகுப்பறைக்குள் ‘இல்லை’, ‘ஆனால்’, ‘ஏலாது’ மூன்றும் தடை. அவை மனக்கதவைச் சாத்திவிடும் என்பார் சேர். ‘ஏலாது’ என்று வாய் தவறிச் சொன்னவர் உடனே எழுந்து நின்று, மூச்சை இழுத்து விட்டு, புது மனிதனாகத் திரும்ப உட்காரவேண்டும். எங்கள் ஊரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு மணித்தியாலம் கதைப்பது லேசில்லை. முதல் நாள் வகுப்புகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் தேகப்பயிற்சி வகுப்பு என்றுதான் நினைப்பீர்கள்.

அந்த மூன்று தட்டு ஒழுங்கை முதலில் ஆட்டியவர் மூதூர்க் காசிம் நானா. துறைமுக மீன் வியாபாரிகளுக்கு நாங்கள் வகுப்பு வைத்தபோது வந்தவர். அவர் எதையும் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை, உணரவுமில்லை. “அந்தாள்ட கதை நாறுது புள்ள” என்பார். “இவன்ட சிரிப்பு நேத்தைய ஐஸ் மாதிரி மணக்குது” என்பார். நான் கொப்பியுடன் சேரிடம் போனேன். மூக்கு உடம்பில் இருப்பதால் உணர்பவர் என்றார் முதலில். பிறகு, மூக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் பார்ப்பவர் என்றார். கடைசியில் காசிம் நானாவையே கூப்பிட்டு, மணத்தை விட்டுப் பார்வைச் சொல்லுக்கு மாறும்படி கேட்டார்.

“காணுறதுக்கு என்ன இரிக்கி சேர்?” என்றார் நானா. “காணக்குள்ள எல்லா மீனும் நல்ல மீன்தான்.”

சேர் நானாவைப்போல ஒரு தோளைச் சரித்து, அவர் மூச்சை இழுத்ததுபோல் இழுத்துக்கொண்டு இருந்தார். இழுத்த மூச்சில் நானாவின் சட்டையில் இருந்த மீன் மணம் முழுவதும் போயிருக்கும். ஆனாலும் முகம் மாறவில்லை. சேரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். தான் சொன்னதைத் தானே நம்பினார்.

இனி, என்னை ஓய்வுபெற வைத்த விவகாரம்.

அம்மா செல்வராணி நகரத்தில் ஒரு அரச அலுவலகத்தில் ஒன்பது வருடமாகத் தற்காலிகச் சுத்திகரிப்புத் தொழிலாளி. அந்த வருடம் நிரந்தரமாக்குவதற்குப் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். நிபந்தனை, மூன்று மாதத்து வரவுப் புத்தகம். ஏழேகாலுக்குப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் பிந்தி வந்தவர். மூன்று மாதத்தில் ஐந்து முறைவரை மன்னிப்பு. ஆறாவது முறை கோட்டுக்குக் கீழே விழுந்தால் பெயர் மேலே போகாது.

சரியாக அந்த மூன்று மாதத்துக்குள் கட்டைபறிச்சானிலிருந்து ஐந்து நாற்பதுக்கு வெளிக்கிட்ட காலைப் பேருந்தை ஆறு மணிக்கு மாற்றினார்கள். நேரசூசித் தாளில் பயணம் அறுபத்தைந்து நிமிடம், ஏழு ஐந்துக்கு நகரம். தரையில் எண்பத்தைந்து நிமிடம், ஏழு இருபத்தைந்து. அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் இயங்கிய நாள்களில் அம்மா மூதூர்வரை போய் வேறு வாகனத்தில் தப்பினார். இயங்காத நாள்கள் ஐந்து. இன்னும் மூன்று கிழமை மிச்சமிருந்தது.

கட்டைபறிச்சானுக்கும் மூதூருக்கும் சேர்த்துப் பயணிகள் சங்கம் ஒன்று இருந்தது. காசிம் நானாதான் தலைவர். சங்கத்துக்கும் பேருந்து டிப்போவுக்கும் ஒரு பேச்சுவார்த்தை ஒழுங்காயிற்று. இந்த இடத்தில்தான் எங்கள் நிறுவனம் தன் திறமையைக் காட்டியது. பொதுமக்களோடு நல்லுறவு பேணுவதற்கு என்று டிப்போ அதிகாரிகளுக்குச் செவ்வாய்க்கிழமை பயிற்சி. அதிகாரிகளோடு நல்லுறவு பேணுவதற்கு என்று சங்கத்துக்குச் சனிக்கிழமை பயிற்சி. இரண்டு இடத்திலும் நான்தான் படிப்பித்தேன். ஒரே படங்கள், ஒரே பகிடி. இரண்டு தரப்புக்கும் கடைசியில் சொன்னதும் ஒன்றுதான்: முதலில் ஒத்திருங்கள், மற்றவர் அசைந்தபின் அசையுங்கள். அதில் ஏதும் பிழை இருக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, சேருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் கடைசி வரிசையில் அம்மாவும் இருந்தார். சந்தேகம் கேட்கக் கை உயர்த்தி “மிஸ்” என்று என்னைக் கூப்பிட்டார். சங்கம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து சான்றிதழ் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கி, என் கையெழுத்து எது என்று கேட்டு, விரலால் தடவிப் பார்த்தார்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று பகல் இரண்டு மணிக்குக் கட்டைபறிச்சான் பல்நோக்கு மண்டபத்தில் கூட்டம். டிப்போ முகாமையாளர் நவரத்தினம் ஐயா இரண்டு உத்தியோகத்தர்களோடு ஒரு பக்கம். காசிம் நானா, அம்மா, இன்னும் ஒன்பது பேர் மறுபக்கம். நடுவில் நான். எந்தப் பக்கமும் சாராமல் இருக்கவேண்டும் என்பது என் கடமை. பின்னால் சேர், நிறுவன விளம்பரத்துக்காகக் கைபேசியில் காணொளி எடுத்துக்கொண்டு நின்றார்.

முகாமையாளர் கை கட்டினார். பதினொரு பேரும் கை கட்டினார்கள். அதைக் கண்டு அவர் கட்டிய கையை அவிழ்த்தார், அவர்களும் அவிழ்த்தார்கள். காசிம் நானாவுக்குக் கழுத்தில் பிடிப்பு இருந்ததால் தலை இடப்பக்கம் சரிந்தே இருந்தது. முகாமையாளர் தலையைச் சரித்தார். உத்தியோகத்தர்கள் சரித்தார்கள். தலைவருக்கு ஆதரவாகச் சங்கமும் சரித்தது. மண்டபமே ஒரு பக்கம் தாழ்ந்ததுபோல் இருந்தது.

“நீங்கள் சொல்லுறது எனக்கு வடிவாத் தெரியுது,” என்றார் முகாமையாளர்.

“ஒங்களுக்கு வடிவாத் தெரியிறது எங்களுக்கும் வடிவாத் தெரியிது,” என்றார் நானா. மணத்தை வெளியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

“ஆறு மணி பஸ் ஏழு அஞ்சுக்கு ரவுனுக்குப் போயிடும்.”

“ஓம். போயிடும் எண்டு நீங்க சொல்லுறது நல்லாக் கேக்குது.”

“அது ஏழு இருவத்தஞ்சுக்குத்தான் போகுது எண்டு நீங்கள் உணருறதை நானும் உணருறன்.”

“நீங்க உணருறத நாங்களும் உணருறம்.”

‘அது பிழை ஐயா’ என்று ஒருவராவது சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்திருக்கும். ஆனால் அந்த வகைச் சொற்களை எல்லாம் நானே சனிக்கிழமை பிடுங்கி எடுத்திருந்தேன். தேநீர் வந்தது. மற்றவர் எடுக்கட்டும் என்று இரண்டு பக்கமும் காத்திருந்தது. தேநீரில் ஆடை படிந்தது. ஒரு ஈ மட்டும் யாரையும் பார்க்காமல் குடித்தது. நாற்பது நிமிடம் எல்லோரும் எல்லாவற்றுக்கும் “ஓம்” சொன்னார்கள். பின்னால் நின்ற சேர், மிக அருமை என்று எனக்குக் கைகாட்டினார்.

அம்மா என்னைப் பார்த்தார். ஏழு இருபத்தைந்து என்று எனக்குத் தெரியும். அந்தப் பேருந்தில் நானே ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். நடுநிலை நினைவுக்கு வந்தது. காணொளி நினைவுக்கு வந்தது. “ஓம்,” என்றேன். என் ஐந்து வருடச் சேவையில் நான் வெட்கப்படுவது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

மூன்று இருபத்தைந்து ஆயிற்று. அம்மா காதைச் சொறிந்தார். முகாமையாளரும் காதைச் சொறிந்தார். அம்மா காலடியில் இருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்தார். அவர் தன் காகிதக் கோவையை எடுத்து மடியில் வைத்தார். அம்மா எழுந்தார். முகாமையாளர் எழுந்தார். முகாமையாளர் எழுந்ததால் உத்தியோகத்தர்கள் எழுந்தார்கள், அவர்கள் எழுந்ததால் சங்கம் எழுந்தது. அம்மா ஒருமுறை எல்லோரையும் பார்த்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். எல்லோரும் நடந்தோம். மண்டபத்துக்கு முன்னால் மூன்றரைப் பேருந்து புறப்பட நின்றது. அம்மா பின்கதவால் ஏறினார். முகாமையாளரும் அதே கதவால் ஏறி அவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். பின்னால் நாங்கள். சேர் படியில் தொங்கிக்கொண்டு படம் பிடித்தார். ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கிடந்த சாரதி திரும்பியும் பாராமல் வண்டியை எடுத்தார்.

மூதூரில் சாரதி இறங்கித் தேநீர் குடிக்கப் போனார். முகாமையாளரின் முகம் சிவந்தது. ஆனால் பக்கத்தில் அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தார். அவரும் கோவையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தார். பன்னிரண்டு நிமிடம்.

“எந்த நாளும் இப்பிடியோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இண்டைக்குச் சுறுக்கா வந்திட்டார்,” என்றார் அம்மா, சாரதி ஏறியதைக் கண்டு.

கங்கைப் பாலம், கிண்ணியா, சீனக்குடா. நகரத்தில் அம்மாவின் அலுவலக வாசலுக்கு முன்னால் ஒரு தரிப்பிடம் இருக்கிறது. அங்கே அவர் இறங்கினார். முகாமையாளரும் இறங்கினார், ஊரே இறங்கியது. மணி ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. போயா என்பதால் படலை பூட்டியிருந்தது. இவ்வளவு பேர் தன்னோடு வந்து நிற்கையில் ஏதாவது சொல்லவேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“இதுதான் ஐயா நான் வேலை செய்யிற இடம்,” என்றார். இடது உள்ளங்கையைப் புத்தகம்போல் விரித்தார். வலது விரலால் அதற்குக் குறுக்கே இழுத்தார். “ஏழேகாலுக்கு இப்பிடி ஒரு கோடு போடுவினம். நான் கோட்டுக்குக் கீழை அஞ்சு தரம். ஆறாந்தரம் எண்டால் வேலை சரி வராது.”

நவரத்தினம் ஐயாவும் பழக்கத்தில் தன் உள்ளங்கையை விரித்தார். விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிறகு இழுத்த கையைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். எண்பத்தைந்து நிமிடம். மீண்டும் கையைப் பார்த்தார். அந்த நாளில் முதன்முறையாக, யாரும் அசையாதபோது அவர் அசைந்தார்.

“நேரசூசி பிழை அம்மா,” என்றார்.

“நாறுதெண்டு நான் அப்பவே சொல்லியிரிப்பன்,” என்றார் காசிம் நானா. “இந்தப் புள்ளதான் உடயில்ல.”

திங்கட்கிழமை முதல் காலைப் பேருந்து மீண்டும் ஐந்து நாற்பதுக்கு ஓடியது.

அந்தப் போயா தின மாலையே அம்மா அன்புவழிபுரத்தில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு வந்தார். துணிப்பையைத் திறந்தார். உள்ளே அடுத்த நாள் வேலைச் சீருடை, பல்லுத் தூரிகை, ஒரு சீப்பு.

“அம்மா, எல்லாரையும் எப்பிடி வழிநடத்திக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

“ஆர் கூட்டிக்கொண்டு வந்தது? அப்பாவின்ரை மோட்டார் சைக்கிள் திரும்பவும் பழுது. நாளைக்குக் கோடு விழாமல் இண்டைக்கே வந்து உன்னோடை படுப்பம் எண்டு மூண்டரை பஸ்ஸுக்கு எழும்பினனான். அந்த மனுசன் ஏன் பின்னாலை வந்தவர் எண்டு இன்னும் எனக்கு விளங்கேல்லை.” சீருடையை உதறி ஆணியில் மாட்டினார். “நல்ல மனுசன். தேத்தண்ணியும் குடியாமல் வந்திட்டார்.”

அடுத்த கிழமை முகாமையாளரிடமிருந்து நிறுவனத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பயணிகளோடு ஒத்திருந்து, அவர்களை வழிநடத்தி, கள ஆய்வுக்கு அழைத்துச் சென்றதாக எழுதியிருந்தார். சேர் அதைச் சட்டகம் போட்டு மாட்டினார். பிறகு, இதை வகுப்பில் படிப்பிக்க ஒரு மாதிரி நிகழ்வாக எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். யார் வழிநடத்தினார் என்ற இடத்தில் நான், ‘ஒருவருமில்லை. செல்வராணி அவர்களுக்கு மூன்றரைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது’ என்று எழுதினேன்.

“இதைக் கொஞ்சம் வேறு சட்டகத்திலை வைப்பமோ?” என்றார் சேர். என் மூச்சின் வேகத்திலேயே மூச்சுவிட்டார். “முகாமையாளர் எங்கடை முறையாலை வழிநடத்தினவர் எண்டு போடும்.”

“ஏலாது சேர்.”

சொன்னவர் எழுந்து நிற்கவேண்டும். எழுந்து நின்றேன். மூச்சை இழுத்து விட்டேன். திரும்ப உட்காரவில்லை. நான் நின்றதால் சேரும் எழுந்து நின்றார். இரும்புக் கடையில் யாரோ தகடு வெட்டி முடிக்கும்வரை இருவரும் அப்படியே நின்றோம். நான் கொப்பியை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஒன்பது நாளில் ஓய்வுபெற்றேன்.

இந்தத் தொழிலைப் பொய் என்று நான் சொல்லவில்லை. கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து மனத்தைச் சொல்லலாம் என்பதை இப்போது நம்புவதில்லை. அலுமாரித் தட்டுகளையும் நம்புவதில்லை. ஆனால் ஒருவர் பேசும்போது அவர் என்ன சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கவனிக்கும் பழக்கம் அங்கே வந்தது. அது போகவில்லை. அந்தத் தங்கைகளிடமும், கைபேசியை மேசையில் வைத்துவிட்டு ஆளைப் பார்க்கச் சொன்னேன்.

மூன்று மாதம் முடிந்தபோது அம்மாவின் கோடுகள் ஐந்தோடு நின்றன. நியமனக் கடிதம் வந்தது. இப்போது எங்கள் வீட்டில் படித்தவள் ஓய்வுபெற்றுவிட்டாள், படிக்காதவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். எனக்குத் தந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அவர் காலையில் வெளிக்கிடுகிறார்.

நியமனத்துக்கான படிவத்தை நான்தான் நிரப்பினேன். ‘கல்வித் தகைமை’ என்ற கட்டம் வந்தது. இதுவரை எல்லாப் படிவத்திலும் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டுப் போவேன். பேனையை வைத்தபோது அம்மா என் கையைப் பிடித்தார்.

“கோடு போடாதை. கோடு போட்டது போதும்.”

அலுமாரியிலிருந்து அந்தச் சனிக்கிழமைச் சான்றிதழைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். ‘தொடர்பாடல் பயிற்சி, அடிப்படைத் தரம்’ என்று எழுதினேன். பயிற்றுநர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

படிவத்தை வாங்கிய அதிகாரி, இதில் என்ன படித்தீர்கள் என்று கேட்டாராம்.

“முன்னாலை இருக்கிறவர் தேத்தண்ணியை எடுக்காமல் இருந்தால் நாங்களும் எடுக்காமல் இருக்கிறது ஐயா,” என்றாராம் அம்மா. “ஆனால் பஸ்ஸுக்கு நேரமாச்செண்டால் எழும்பிடவேணும்.”

அதிகாரி சரி என்று அடையாளமிட்டுக் கொடுத்தாராம்.